“ஃபோனைப் பிடுங்கிடுவாங்களா, மிஸ்?”

(ஓர் ஆசிரியர்) எட்டாம் வகுப்புக்கு இணைய ஆபத்துகள் பற்றிப் பாடம் எடுத்தேன். நிஜத்தில் நடந்த தற்கொலைச் சம்பவங்களை வீடியோவாகக் காட்டினேன். வகுப்பே உறைந்துபோனது. அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கே தவறினேன்?

பயந்த பிள்ளை எச்சரிக்கையாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலும் அது ஒளிக்கத்தான் பழகுகிறது. 1970-களில் அமெரிக்காவில் வழிதவறிய சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய், கைதிகளை விட்டு மிரட்டித் திருத்தப் பார்த்தார்கள். பின்னாளில் அது குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி மிரட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குற்றங்களில் இறங்கியிருந்தது தெரிந்தது.

தற்கொலை வீடியோவை இனி காட்டவே வேண்டாம். எப்படி இறந்தார் என்று விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணம் சொல்லி முடிக்காதீர்கள் என்று ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வகுப்பறைக்கும் பொருந்தும்.

அடுத்த வகுப்பில் ஒரு சாட்டிங்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். “உன் வயசு என்ன?”, “நீ ரொம்ப மெச்சூர்டா பேசுற”, “இது நமக்குள்ளயே இருக்கட்டும்.” எந்த வரி உறுத்துகிறது என்று பிள்ளைகளே வந்து கோடு போடட்டும். பிறகு பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள்: ‘எனக்கு இப்படி நடந்தால், பெரியவர்களிடம் சொல்லவிடாமல் தடுப்பது எது?’ நான் இதைச் செய்யும்போதெல்லாம் அதிகம் வருகிற பதில் ஒன்றுதான்: ஃபோனைப் பிடுங்கிவிடுவார்கள். பாடத்தை அந்தச் சீட்டுகளிலிருந்து தொடங்குங்கள்.

(இன்னோர் ஆசிரியர்) ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். ஆன்லைனில் பழகிய ஒருவனுக்கு அனுப்பிய அந்தரங்கப் படத்தை வைத்து அவன் பணம் கேட்டு மிரட்டுகிறானாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்கிறாள்.

அந்தச் சத்தியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள். “உன்னைப் பாதுகாக்க யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன். சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிடுவேன்” என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு. அதற்கும் முன்னால் அவள் காதில் விழ வேண்டியது: “நீ வந்து சொன்னது நல்லது. தப்பு மிரட்டுகிறவனுடையது.” ‘ஏன் அனுப்பினாய்?’ என்ற கேள்வியை இன்று கேட்காதீர்கள். அவள் அதைத் தன்னையே நூறு முறை கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த தொகை கேட்பான். சாட்டை அழிக்க வேண்டாம். மிரட்டல் செய்திகள், அவனுடைய கணக்கின் பெயர், தேதி, நேரம், பணம் அனுப்பச் சொன்ன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்யுங்கள். ஆனால் அந்தப் படத்தை மட்டும் யாரும் நகல் எடுக்கக் கூடாது. தலைமையாசிரியருக்குக் காட்டுவதற்காகக்கூட உங்கள் ஃபோனுக்கு வாங்காதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். காவல்துறையில் புகார் கொடுங்கள், பெற்றோரிடம் சொல்லும்போது பக்கத்தில் இருங்கள்.

படம் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஓரளவு வழி இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. படம் அவள் ஃபோனைவிட்டு வெளியே போகாது. அதன் எண் வடிவக் கைரேகை போன்ற ஒன்று மட்டும், சேவையில் இணைந்த தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே பதிவேறினால் கண்டுபிடித்து நீக்க அது உதவும். மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்க முடிகிற தனிச்செய்திகளில் இது வேலை செய்யாது. பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இதே மாதிரிச் சேவை இருக்கிறது.

அன்று இரவு அவளைத் தனியாக விடக் கூடாது. “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அந்தக் கேள்விதான் முதல் ஆறுதல்.

(ஒரு பெற்றோர்) என் மகன் வகுப்புத் தோழியின் படத்தை ஏஐ செயலியில் ஆபாசமாக மாற்றி குரூப்பில் போட்டுவிட்டான். ‘சும்மா ஜாலிக்குத்தான்’ என்கிறான். நல்ல பிள்ளைதான்.

நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். திரைக்குப் பின்னால் மனிதர்களுக்குக் கூச்சமும் கட்டுப்பாடும் தளர்ந்துவிடுவதை உளவியலாளர் ஜான் சூலர் 2004-ல் எழுதினார். எதிராளியின் முகம் தெரிவதில்லை, அவள் துடிப்பது கண்ணில் படுவதில்லை. ஆனால் படம் போலியானாலும் அந்தப் பெண்ணுக்கு அவமானம் போலி இல்லை. பல நாடுகளில் இது சட்டப்படியும் குற்றம்.

குரூப்பிலிருந்து படத்தை உடனே நீக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு நீங்களே தெரிவியுங்கள். அது பொய்ப் படம், தான் செய்தது தவறு என்று அதே குரூப்பில் அவன் எழுதட்டும், அதுவும் அந்தப் பெண் சம்மதித்தால் மட்டும். நேரில் மன்னிப்புக் கேட்க அவளைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள். அது அவளுக்கு இரண்டாவது தண்டனை. அந்த வகுப்பின் மற்றப் பிள்ளைகளையும் கேட்க வேண்டும்: பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனை பேர், ‘அழிச்சிடு’ என்று சொன்னவர் எத்தனை பேர்?

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஃபோன் பார்க்கலாம்?

எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் எண் கிடையாது. பள்ளி வயதினருக்கு இரண்டு மணி நேரம் என்ற பொது வரம்பை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 2016-ல் கைவிட்டது. தூக்கம், விளையாட்டு, படிப்பு, நேரில் பேசும் நட்பு இவற்றில் எது குறைந்திருக்கிறது என்று பாருங்கள். இரவில் எல்லோருடைய ஃபோனும், உங்களுடையதும், படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும்.

(ஒரு மாணவி) என் தோழி நடு ராத்திரியில் ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி’ என்று ஸ்டேட்டஸ் போட்டு, காலையில் அழித்துவிடுகிறாள். யாரிடமும் சொன்னால் நட்பே முறிந்துவிடும் என்கிறாள்.

அந்த ஸ்டேட்டஸை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. நீ கவலைப்படுவது சரி. இந்த ரகசியத்தை நீ தனியாகச் சுமக்க வேண்டியதில்லை, சுமக்கவும் கூடாது. அடுத்த ஸ்டேட்டஸைப் பார்த்தால், அழிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. குரூப்பில் போடாதே. உனக்கு நம்பிக்கையான ஆசிரியரிடமோ அவளுடைய அம்மாவிடமோ காட்டு. அந்த நேரத்திலேயே ஆபத்து என்று தோன்றினால், விடியும்வரை காத்திராமல் வீட்டில் யாரையாவது எழுப்பு, அவசர உதவி எண்ணைக் கூப்பிடச் சொல். அவளிடம், “எனக்குப் பயமா இருக்கு, அதனால சொல்லப்போறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அவள் கோபப்படுவாள். சில வாரம் உன்னோடு பேசாமலும் இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உன் வார்த்தையே போதும். இன்றைக்கே போய்ச் சொல்.