கைக்குட்டைக்கு ஏழு வருடம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கைக்குட்டை திருடிய பையன்களைக்கூட இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். அன்றைய சட்டம் திருடியவனின் வயதைவிடத் திருட்டுப் பொருளின் விலையைத்தான் பார்த்தது. பொருள் ஒரு சில்லிங்கைத் தாண்டினால், அதாவது 12 பென்ஸுக்கு மேல் போனால், பெருந்திருட்டு. அதற்குள் அடங்கினால் சிறுதிருட்டு. பெரும்பாலும் கசையடியோடு முடிந்துவிடும். பெருந்திருட்டுக்கு 1718 முதல் ஏழு வருட நாடு கடத்தல் வாடிக்கையான தண்டனை ஆனது. முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே போர் வெடித்து அந்த வழி அடைபட்ட பிறகு, 1787 முதல் ஆஸ்திரேலியா.

ஜேப்படியில் சட்டம் இன்னும் கொடியது. 12 பென்ஸுக்கு மேற்பட்ட பொருளை ரகசியமாக உருவினால் 1808 வரை தூக்கு. வீட்டிலிருந்து 40 சில்லிங் பெறுமானம் திருடினாலும் தூக்கு. ஜூரிகளுக்கு மனம் கேட்காது. பொருளுக்கு வேண்டுமென்றே 39 சில்லிங் என்றோ 10 பென்ஸ் என்றோ மதிப்புப் போடுவார்கள். பழைய தீர்ப்புகளில் அப்படி ஒரு தொகை கண்ணில் பட்டால், சந்தை விலை என்று நம்பிவிடாதீர்கள். ஓர் உயிரைக் காப்பாற்றப் போட்ட கணக்காக இருக்கலாம்.

கேள்வி: குழந்தைகளுக்கு விலக்கே கிடையாதா?

பதில்: ஏழு வயதுக்குக் கீழே வழக்கே கிடையாது. ஏழிலிருந்து பதினாலு வரை, அறியாமல் செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் தப்பு என்று தெரிந்தே செய்தான் என அரசுத் தரப்பு காட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஜான் ஹட்சன் வழக்கைப் பாருங்கள். 1783 டிசம்பர், லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம். புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன். தாய் தகப்பன் இல்லை. வயது என்ன என்று கேட்டதற்கு, ஒன்பது நடக்கிறது என்றான். ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன்: குற்றச்சாட்டு இவ்வளவுதான். திருட்டு நடந்த வீட்டு மேஜைமேல் கரி படிந்த கால்விரல் தடம் கிடந்தது. அதை ஒருவர் காகிதத்தில் பிரதி எடுத்து அவன் காலோடு ஒப்பிட்டார். கன்னமிட்ட குற்றம் நிரூபணமாகியிருந்தால் தூக்கு. ஜூரி அதை விட்டுவிட்டுத் திருட்டை மட்டும் ஏற்றது. ஏழு வருடம். 1784-ல் அமெரிக்காவுக்கு ஏற்றிய கப்பலைக் கைதிகள் கைப்பற்றிக் கரைக்குத் திருப்ப, பையன் பிடிபட்டுப் பிளிமத் துறையில் சிறையாக மாற்றிய பழங்கப்பலில் கிடந்தான். 1787-ல்தான் ஆஸ்திரேலியப் பயணம். அதற்குள் தண்டனையில் பாதிக்கு நெருக்கமாகக் கழிந்துவிட்டது.

கேள்வி: கைதிகளை ஏற்றிப்போன கப்பல்களில் நிறையப் பேர் செத்தார்களாமே, ஏன்?

பதில்: கப்பல்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தில்தான் கோளாறு. 1790-ல் போன இரண்டாம் கப்பல் அணிக்கு, ஏற்றிய தலைக்கு 17 பவுண்டு 7 சில்லிங் 6 பென்ஸ் பேசியிருந்தார்கள். உயிரோடு இறக்கிய தலைக்கு அல்ல. வழியில் ஒருவன் செத்தால் அவன் சாப்பாடு மிச்சம். ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்தார். பின்னாளில் உயிரோடு இறக்குவதற்கென்று பணம் ஒதுக்கினார்கள். 1815 முதல் கப்பலுக்கொரு அரசு மருத்துவர் பொறுப்பில் வந்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. இடநெருக்கடி மட்டும் தீரவில்லை. ஆறடிக்கு ஆறடிப் பரணில் நாலு பேர், ஆளுக்கு 18 அங்குலம்.

கேள்வி: இறங்கிய பையன்களை என்ன செய்தார்கள்?

பதில்: தொழில் தெரியாத பொடியனைக் குடியேறிகள் வேலைக்குக் கேட்பதில்லை. அதனால் டாஸ்மேனியாவில், போர்ட் ஆர்தர் கைதிக் குடியிருப்புக்கு எதிரே பாயிண்ட் பியூரில், 1834-ல் பையன்களுக்கென்று தனிச் சிறை திறந்தார்கள். தச்சு, செருப்புத் தையல், கல் கொத்துதல், படகு கட்டுதல் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். 1849-ல் மூடும்வரை சுமார் 3,000 பேர் அங்கே இருந்தார்கள்.

கேள்வி: ஏழு வருடம் முடிந்ததும் ஊர் திரும்பினார்களா?

பதில்: மிகச் சிலரே. தண்டனை முடிந்ததற்குச் சான்றிதழ் தருவார்கள், கப்பல் கூலி தரமாட்டார்கள். கெடுவுக்கு முன் இங்கிலாந்தில் கால் வைத்தால் 1834 வரை தூக்கு. ஒரு சிறுமியின் துணிகளைப் பறித்த மேரி வேடுக்கு 1789-ல் தூக்குத் தண்டனை விதித்தபோது அவரும் ஒரு சிறுமிதான். தண்டனையைக் குறைத்துச் சிட்னிக்கு அனுப்பினார்கள். 1859-ல் ஆஸ்திரேலியாவிலேயே இறந்தார். தாளில் ஏழு வருடம் என்று எழுதியது பலருக்கும் ஆயுள்தான்.

கேள்வி: ஒரு பையனைப் பற்றி ஆவணங்களில் தேடுவது எப்படி?

பதில்: ஓல்ட் பெய்லி விசாரணைப் பதிவுகள் இணையத்தில் இலவசம். அதில் பெயர், விசாரணைத் தேதி, தண்டனைக் காலம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் நாடு கடத்தல் பதிவேட்டில் கப்பலைத் தேடுங்கள். தீர்ப்பு வந்த வருடத்திலேயே தேடுகிறவர்கள் பலர், கிடைக்காது. ஹட்சனைப் போல மூன்று, நாலு வருடம் தள்ளியும் பாருங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயர் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். வயதும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். அதனால் விசாரணை நடந்த ஊரையும் தேதியையும் வைத்து ஆளை உறுதிசெய்யுங்கள். ஓல்ட் பெய்லி லண்டன் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும். வேறு ஊர்ப் பையன் என்றால் அந்தந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றப் பதிவுகளுக்குத்தான் போகவேண்டும்.