இசைத்தட்டுக் கடை: வாடகை கொடுத்து நடத்தலாமா?

கேள்வி: அப்பா சேர்த்துவைத்த எல்.பி. (பெரிய), ஈ.பி. (சிறிய) இசைத்தட்டுகள் சுமார் 600 வீட்டில் இருக்கின்றன. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, கையில் இருக்கும் 12 லட்சம் ரூபாயில் கோவையில் ஓர் இசைத்தட்டுக் கடை திறக்க ஆசை. ‘ஆன்லைனில் விற்றால் போதாதா, கடை எதற்கு?’ என்கிறார் மனைவி. பழைய தட்டுகளில் உள்ள பாடல்களைப் பென் டிரைவில் ஏற்றியும் விற்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. விற்பதற்கு மட்டும் என்றால் கடை தேவையில்லை. தமிழ்ப்பாட்டு ரெக்கார்டு தேடுபவர்கள் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பணம் அனுப்பி, கூரியரில் வாங்கிக்கொள்வார்கள். கடையின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. சரக்கு உங்கள் வாசலைத் தேடி வரும்.

எண்பதுகளில் கேசட் சந்தையைப் பிடித்த பிறகு, நம் நாட்டில் தட்டு அச்சடிப்பது படிப்படியாக நின்றுபோனது. எச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோ போன்ற நிறுவனங்கள் அந்தக் காலத்தில் வெளியிட்ட தமிழ்த் தட்டுகளில் மிஞ்சியவை எல்லாம் இன்று வீட்டுப் பரண்களில்தான் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர் காலமாகிறார், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்கிறார்கள், பெட்டி பெட்டியாக ரெக்கார்டுகள் கிடக்கின்றன. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிறார்கள். தெருவில் ‘பழைய இசைத்தட்டுகள் வாங்கப்படும்’ என்று ஒரு போர்டு இருந்தால் அந்தப் பெட்டி உங்களிடம் வரும். போர்டு இல்லாதவர் இன்னொரு வியாபாரியிடம், வியாபாரி விலைக்கு வாங்கித்தான் விற்க வேண்டும். 1985-ல் தீக்கிரையாகும்வரை, பழைய பொருள்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட்டுக்கு மவுசு இருந்ததும் இதனால்தான்: கொடுக்க வருபவருக்கும் தேடி வருபவருக்கும் அது ஒரே இடமாக இருந்தது.

இனி கணக்கு. உதாரணத்துக்கு வாடகை 18,000, ஓர் ஆள் சம்பளம் 14,000, மின்சாரம், உறை, இதர செலவு 8,000 என்று வையுங்கள். மாதம் 40,000 ரூபாய். ஒரு தட்டுக்குச் சராசரியாக 250 ரூபாய் மிஞ்சினால், கடைச் செலவை ஈடுகட்டவே 160 தட்டுகள் விற்க வேண்டும். வீட்டுக்கு நீங்கள் இன்னொரு 40,000 எடுத்துப்போக வேண்டுமானால் 320. மாதம் 26 நாள் திறந்தால் தினமும் 12 தட்டுகளுக்கு மேல். அப்பாவின் 600 தட்டுகள் இரண்டே மாதம்கூடத் தாங்காது. அதற்குள் அடுத்த சரக்கு வந்திருக்க வேண்டும், அதுவும் விற்கிற எண்ணிக்கையைவிட அதிகமாக. மொத்தமாக வாங்கும்போது எல்லாம் ஒரே வேகத்தில் போகாதல்லவா? எண்பதுகளின் இளையராஜா தட்டுகள் வைத்த அன்றே கிளம்பிவிடும். பக்திப் பாடல்களும் கதை வசன ரெக்கார்டுகளும் ஆண்டுக்கணக்கில் ரேக்கில் நிற்கும். முடங்கும் முதல்தான் இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து.

அதனால் 12 லட்சத்தில் பாதியைச் சரக்கு வாங்குவதற்கென்று தனியே ஒதுக்குங்கள், உள் அலங்காரத்தில் கொட்டாதீர்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் அதிலேயே 1,80,000 போய்விடும். மெயின் ரோடும் வேண்டாம். ரெக்கார்டு தேடுபவர் சந்துக்குள்ளும் வருவார். பெரிய நகரம், நல்ல பெயர் மட்டும் போதாது. மும்பை காலா கோடாவில் பல பத்தாண்டுகள் நடந்த இசைக்கடையான ரிதம் ஹவுஸே 2016-ல் மூடப்பட்டது. அமெரிக்காவில் 2020-ல், 1986-க்குப் பிறகு முதல்முறையாக, இசைத்தட்டு வருமானம் சி.டி.யை மிஞ்சியது உண்மைதான். அதை நம்பிப் புது இறக்குமதித் தட்டுகளை அடுக்காதீர்கள். அவற்றில் லாப விகிதம் குறைவு, விற்காவிட்டால் திருப்பித் தரவும் முடியாது. வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்தால் வரவழையுங்கள்.

விலைக்கு வாங்கும்போது நேர்மையாக இருங்கள். தன் தந்தையின் சேகரிப்பைக் கொண்டுவரும் ஒருவரிடம், எந்தத் தட்டுக்கு மதிப்பு உண்டு, எதற்கு இல்லை என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள். அவர் சொல்லித்தான் அடுத்த வீட்டிலிருந்து ஆள் வரும். ஏமாற்றி ஒருமுறை சம்பாதிக்கலாம். ஊருக்குள் செய்தி பரவினால் போர்டு வெறும் தகரம். விற்கும்போதும் அப்படித்தான். விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் தரம் எழுதினால் போதாது, ஓடவிட்டுக் கேளுங்கள். கடையில் ஒரு நல்ல பிளேயர் இருந்தால் வாங்குபவரும் கேட்டுவிட்டு எடுப்பார். ஆன்லைனில் இல்லாத இந்த நம்பிக்கைக்காகவே பலர் நேரில் வருவார்கள். பிளேயர் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். ஊசியும் பெல்ட்டும் சேர்ந்து விற்கும்.

இடம் பார்க்கும்போது எடையை மறக்க வேண்டாம். உறையோடு ஓர் எல்.பி. ஏறக்குறைய கால் கிலோ; 3,000 தட்டுகள் முக்கால் டன். மேற்கு வெயில் அடிக்கும் சுவர் ஓரம் கூடாது, தட்டு வளைந்துவிடும். படுக்கப்போட்டு அடுக்காமல் நிற்கவையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் காய்ச்சி வடித்த நீரும் சில துளி மென்சோப்பும் போதும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளில் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது, அவை செய்யப்பட்ட அரக்கைக் கரைத்துவிடும்.

வெளி மாநிலத்துக்கு அனுப்புவதாக இருந்தால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பழைய பொருள் வியாபாரத்தில் உள்ளீட்டு வரிச் சலுகை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காவிட்டால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் வழி இருக்கிறது. ஆடிட்டரிடம் அதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பென் டிரைவ் யோசனையை விட்டுவிடுங்கள். தட்டை விற்கலாம், அதிலுள்ள பாட்டை நகலெடுத்து விற்கக் கூடாது. ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும், படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு. கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர்கள் ஊருக்கு ஊர் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம்.

வேலையை இப்போதே விடாதீர்கள். தெரிந்த புத்தகக் கடையிலோ ஆடியோ கடையிலோ ஒரு ரேக் அளவு இடம் கேட்டு, போர்டு மாட்டி, சனி ஞாயிறு மட்டும் உட்காருங்கள். ஆறு மாதத்தில் எத்தனை பேர் விற்க வந்தார்கள் என்று நோட்டில் குறித்துவையுங்கள். மாதம் இரண்டு மூன்று நல்ல சேகரிப்புகள் வந்தால் தனிக் கடை பார்க்கலாம். அப்பாவின் தட்டுகளில் நீங்கள் வைத்துக்கொள்ள விரும்புபவற்றை ரேக்கில் ஏற்றுவதற்கு முன்பே பிரித்து எடுத்துவிடுங்கள்.