பூட்டிய கார்டு மவுண்ட் ஆக மறுப்பது ஏன்? சோதித்துப் பார்க்கும் வழி

கேள்வி: வெளியிடங்களில் வைத்திருக்கும் எங்கள் லினக்ஸ் கருவிகள் எஸ்டி கார்டில் பதிவுகளைச் சேமிக்கின்றன. ஃபைல் சிஸ்டம் (கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஈஎக்ஸ்டி4. கருவி பழுதானால் கார்டைக் கழற்றி, ஓரத்தில் உள்ள பூட்டைத் தள்ளிவிட்டு, ஆபீஸ் கணினியில் ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுண்ட் செய்வோம், அதாவது ஃபைல்களைப் பார்க்கும்படி இணைப்போம். சில கார்டுகள் திறக்கின்றன, சில மறுக்கின்றன. பூட்டை எடுத்துவிட்டால் மறுத்த கார்டும் திறந்துவிடுகிறது. கார்டில் கோளாறா, ஃபைல் சிஸ்டத்திலா? இதை எப்படி முறையாகச் சோதிப்பது?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டிலுமே கோளாறு இல்லை. மறுத்த கார்டுகள் பெரும்பாலும் கரண்ட் போய் நின்றவையாகவோ ஓடும்போதே பிடுங்கப்பட்டவையாகவோ இருக்கும். திறந்தவை ஒழுங்காக அன்மவுண்ட் ஆனவை.

கடையில் வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்துவிட்டு, அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா, ஈஎக்ஸ்டி4 வைத்திருக்கும் ஜர்னல் என்ற பகுதி அந்தச் சிட்டைதான். மாற்றங்கள் முதலில் அங்கே பதிவாகின்றன, பிறகு உரிய இடத்துக்குப் போகின்றன. நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை மவுண்ட் செய்யும்போது லினக்ஸின் மையமான கெர்னல், ஜர்னலில் மிச்சம் இருப்பதை எடுத்து ஏற்றிவிடும். ஏற்றுவது என்றால் சாதனத்தில் எழுத வேண்டும். பூட்டிய கார்டில் அதற்கு வழியில்லை, அதனால் மவுண்ட் தோற்கிறது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கைத் திறந்து பாருங்கள். மீட்பு தேவைப்படுகிறது, எழுத அனுமதி இல்லை, தொடர முடியாது, நோலோட் (ஜர்னலை ஏற்றாமல் விடும் மவுண்ட் விருப்பம்) போட்டு முயலவும் என்ற பொருளில் வரி இருக்கும். ஒழுங்கான மறுப்பு அது.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது பூட்டை எடுத்த பிறகு நடப்பதைப் பற்றி. மவுண்ட் கட்டளையில் ‘ஆர்ஓ’ (ரீட்-ஒன்லி) என்று கொடுத்திருந்தாலும், சாதனம் எழுத இடம் கொடுத்தால் ஈஎக்ஸ்டி4 ஜர்னலை ஏற்றிவிடும். உங்கள் நிரல்கள் அந்த மவுண்டில் எழுத முடியாது என்பதற்கு மட்டும்தான் ‘ஆர்ஓ’ உத்தரவாதம். கார்டில் ஒரு பிட்கூட மாறாது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஆகவே பூட்டை எடுத்துத் திறந்த அந்தக் கார்டுகள் பழைய நிலையில் இப்போது இல்லை. பழுதுக்கான காரணத்தைத் தேடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். கார்டே தேவையில்லை, 256 எம்பி அளவில் ஓர் இமேஜ் ஃபைல் போதும். அதில் ஈஎக்ஸ்டி4 போட்டு, லூப் சாதனமாக (ஃபைலையே வட்டுபோல் காட்டும் வசதி) மவுண்ட் செய்து, கொஞ்சம் ஃபைல்களை எழுதி, நினைவகத்தில் நிற்பதை எழுதி முடிக்கச் சொல்லும் சிங்க் கட்டளையைக் கொடுங்கள். அன்மவுண்ட் செய்யாமல், அந்த நிலையிலேயே இமேஜ் ஃபைலை இன்னொரு பெயரில் நகலெடுங்கள். கரண்ட் போன கார்டுக்கு இணையான மாதிரி கைக்கு வந்துவிட்டது. டம்ப்இ2எஃப்எஸ் கருவியால் அதன் தலைப்பகுதியைப் பார்த்தால், அம்சங்களின் வரிசையில் ‘நீட்ஸ் ரெகவரி’ என்ற கொடி தெரியும். நகல் சுத்தமாக இருக்கட்டும் என்று ஃபைல் சிஸ்டத்தை ஃப்ரீஸ் செய்துவிட்டு (எழுதுவதைத் தற்காலிகமாக நிறுத்தி) எடுக்காதீர்கள். ஃப்ரீஸ் ஜர்னலைக் காலி செய்து அந்தக் கொடியையும் இறக்கிவிடும், சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. பிறகு மூலத்தை அன்மவுண்ட் செய்தால் அது சுத்தமான மாதிரி. இரண்டுக்கும் எஸ்ஹெச்ஏ256 கூட்டுத்தொகை (ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுத்துக் குறித்து வையுங்கள், ஒவ்வொரு படிக்குப் பிறகும் அதை ஒப்பிட வேண்டும். பலர் இதைச் செய்யாமல், மவுண்ட் ஆனதா இல்லையா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். பாதிச் சோதனைதான் அது.

சுத்தமான மாதிரியை ரீட்-ஒன்லி லூப் சாதனமாக மாட்டினால் மவுண்ட் ஆக வேண்டும், கூட்டுத்தொகை மாறக் கூடாது. மீட்பு தேவைப்படும் மாதிரியை அதேபோல் ரீட்-ஒன்லி லூப் சாதனமாக மாட்டினால் மவுண்ட் தோற்க வேண்டும். அதையே ஆர்ஓ, நோலோட் இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் மவுண்ட் ஆக வேண்டும், கூட்டுத்தொகையும் மாறக் கூடாது. கடைசியாக, இதே மாதிரியின் இன்னொரு நகலை எழுதக்கூடிய லூப் சாதனமாக மாட்டி, வெறும் ஆர்ஓ கொடுத்து மவுண்ட் செய்யுங்கள். இது மவுண்ட் ஆகும், கூட்டுத்தொகை மாறியிருக்கும். ஒரு தடவை இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் ‘ஆர்ஓ போட்டால் போதும்’ என்ற நம்பிக்கை போய்விடும்.

லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களைச் சோதிக்கும் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் ‘ஜெனரிக் 050’ என்ற சோதனை ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகிறது. நகலெடுப்பதற்குப் பதிலாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தை ஷட்டவுன் செய்யச் சொல்லி மீட்பு தேவைப்படும் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். நோலோடுக்கு ‘நோரெகவரி’ என்ற பெயரையும் ஈஎக்ஸ்டி4 ஏற்கும், எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்திலும் அதே பெயர்தான் என்பதால் ஒரே ஸ்கிரிப்ட் இரண்டுக்கும் ஓடும். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் மட்டும் ‘ரெஸ்கியூ’ என்ற விருப்பத்தின் கீழ் ‘நோலாக்ரீப்ளே’ என்று கொடுக்க வேண்டும்.

பிளாக்டெவ் கட்டளையின் ‘செட்ஆர்ஓ’ (சாதனத்துக்கு ரீட்-ஒன்லி கொடி போடுவது) போதாதா என்று கேட்கலாம். மவுண்ட் நேரத்தில் ஃபைல் சிஸ்டம் அந்தக் கொடியைப் பார்க்கிறதா என்று அறிய அது போதும். அதைச் சுவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கெர்னலுக்குள்ளிருந்தே ஒரு எழுத்துக் கோரிக்கை அந்தக் கொடியை மதிக்காமல் வந்தால், பல கெர்னல்கள் எச்சரிக்கை ஒன்றை எழுதிவிட்டு அதை அனுமதித்துவிடுகின்றன. ஏற்கெனவே மவுண்ட் ஆகி ஓடும் சாதனத்தில் நடுவழியில் செட்ஆர்ஓ போட்டுச் சோதிப்பதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான். லூப் சாதனத்தை அமைக்கும் லோசெட்டப் கட்டளையில் ஆர் கொடியுடன் மாட்டிய லூப் சாதனம் அப்படி விடாது, எழுத வந்த கோரிக்கையைப் பிழை என்று திருப்பி அனுப்பும். ஓட்டத்தின் நடுவே கார்டு எழுத மறுக்கும் நிலையைச் சோதிக்க வேண்டுமானால், சாதனம் பழுதானதுபோல் நடிக்க வைக்கும் டிஎம்-ஃப்ளேக்கி என்ற கெர்னல் வசதி இருக்கிறது. அதில் எழுதும் கோரிக்கைகளைப் பிழையாக்கவும் செய்யலாம், சத்தமில்லாமல் விழுங்கவும் செய்யலாம். ஆயுள் முடிந்த சில கார்டுகள் இந்த இரண்டாவது வகையில் நடந்துகொள்கின்றன. எழுதியாயிற்று என்று சொல்லும், கழற்றி மாட்டினால் பழைய தகவலே இருக்கும். உங்கள் கருவிகளுக்கு இந்தச் சோதனையையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பூட்டு. எஸ்டி கார்டின் ஓரத்தில் நகரும் அந்தச் சிறு துண்டு எங்கே இருக்கிறது என்பது கார்டுக்குத் தெரியாது. ரீடர்தான் அதை உணர்ந்து கணினிக்குச் சொல்ல வேண்டும், சொல்லாத ரீடர்களும் உண்டு. பூட்டிய கார்டைச் செருகி பிளாக்டெவ்வின் ‘கெட்ஆர்ஓ’ கொடுங்கள். 1 வந்தால் ரீடர் மதிக்கிறது. 0 வந்தால் அந்த ரீடரை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். டெஸ்க்டாப்பின் தானியங்கி மவுண்டையும் அந்தக் கணினியில் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கட்டளை கொடுப்பதற்கு முன்பே அது முந்திக்கொள்ளும்.

நோலோட் இருக்க வேறு வழி எதற்கு என்று தோன்றலாம். நோலோடில் தெரிவது ஜர்னல் ஏற்றப்படாத பழைய நிலை. பழுதுக்குச் சற்று முன் எழுதிய பதிவு, அதாவது உங்களுக்கு மிகவும் தேவையானது, அங்கே காலியாகத் தெரியலாம், தெரியாமலே போகலாம். ஈஎக்ஸ்டி4-இன் வழக்கமான முறையில் தகவல் கார்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அந்த ஃபைலைப் பற்றிய குறிப்போ இன்னும் ஜர்னலிலேயே கிடக்கும். நோலோடில் பதிவைக் காணோம் என்று கருவி எழுதவே இல்லை என முடிவு கட்டிவிடாதீர்கள்.

எனவே நான் சொல்லும் நடைமுறை இது: பூட்டிய கார்டை மவுண்டே செய்யாமல் முழுவதும் இமேஜாக எடுங்கள், கூட்டுத்தொகையைக் குறியுங்கள், அதன் இரண்டாவது நகலை எழுதக்கூடியதாக மாட்டி ஜர்னல் ஏற விடுங்கள். பதிவுகளை அந்த நகலில் படியுங்கள். படிக்கும்போதே பிழை காட்டும் கார்டாக இருந்தால் வழக்கமாக இமேஜ் எடுக்கும் டிடி கட்டளைக்குப் பதில், பிழைகளைத் தாண்டிப் படிக்கும் டிடிரெஸ்கியூ.

ஸ்கிரிப்ட் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். எழுதும் உரிமையுடன் மவுண்ட் கேட்டும் சாதனம் பூட்டியிருந்தால், மவுண்ட் கட்டளை எச்சரித்துவிட்டு ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்துவிடும், அதை வெற்றி என்றும் சொல்லும். தோற்க வேண்டிய இடத்தில் தோற்க வேண்டுமானால் டபிள்யூ கொடியைச் சேருங்கள். மற்ற இடங்களில், மவுண்ட் ஆனது எந்த முறையில் என்பதை, மவுண்ட் பட்டியலைக் காட்டும் ப்ராக் மவுண்ட்ஸைப் படித்து உறுதி செய்யுங்கள்.