பச்சோந்தி வளர்ப்பு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஏமன் பச்சோந்தியும் பாந்தர் பச்சோந்தியும் வளர்த்துப் பழக்கம் உண்டு. இந்த இரண்டைப் பற்றித்தான் உறுதியாகப் பேசுவேன். நான் மருத்துவர் இல்லை. பகலில் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறது, தாடை தொளதொளவென்று இருக்கிறது, கால் வளைகிறது என்றால் இங்கே எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றதெல்லாம் கேட்கலாம்.

புதுக்கூண்டு: அக்கா, முதல் தடவை வாங்கப் போகிறேன். எந்த இனம்? என்னென்ன வேண்டும்?

முதலில் கூண்டு, அப்புறம்தான் பச்சோந்தி. பலர் தலைகீழாகச் செய்து, குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கூண்டு தேடுகிறார்கள்.

இனத்துக்கு வருவோம். ஏமன் பச்சோந்தி கடினமான உயிர், சின்னச் சின்னத் தவறுகளைத் தாங்கும். ஏமனும் சவூதியின் தென்மேற்கு மூலையும் அதன் சொந்த ஊர். தலையில் கிரீடம் மாதிரி உயர்ந்திருக்கும். மடகாஸ்கரின் பாந்தர் கொஞ்சம் சாந்தம், நிறம் அள்ளும். மூன்று கொம்பு உள்ள ஜாக்சன் பச்சோந்தி கிழக்கு ஆப்பிரிக்க மலைவாசி, சூடு ஆகாது, தொடக்கத்துக்கு வேண்டாம். எதை வாங்கினாலும் வளர்ப்பில் பிறந்ததாகப் பாருங்கள். காட்டில் பிடித்தவை உடம்பெல்லாம் ஒட்டுண்ணியும் பயமுமாக வரும், பல பிழைப்பதில்லை. அனேகமாக எல்லாப் பச்சோந்திகளும் சைட்டிஸ் என்ற, காட்டுயிர் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. காகிதம் இல்லாமல் யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

கூண்டு உயரமாக இருக்க வேண்டும். வளர்ந்த ஆணுக்கு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம். நாலு பக்கமும் கம்பிவலை இருந்தால் காற்றோட்டம் கிடைக்கும். மிகக் குளிர்ந்த, வறண்ட இடமென்றால் இரண்டு பக்கம் மூடலாம். கூண்டை மேசை மேலோ அதற்கு மேலேயோ வையுங்கள். நீங்கள் மேலிருந்து குனிந்து பார்த்தால் அதற்கு நீங்கள் பருந்து.

உள்ளே செடி நிறைய வேண்டும்: மணிபிளாண்ட், செம்பருத்தி. ஏமன் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும், அதனால் நிஜச் செடிதான் வேண்டும், அதுவும் மருந்து அடிக்காத செடி. குறுக்கே விரல் பருமனில் கிளைகள் கட்டுங்கள். அதன் பாதம் இடுக்கி மாதிரி இரண்டாகப் பிரிந்தது, பிடிக்கக் கிளை இல்லாத இடம் அதற்குப் பயன்படாத இடம்.

இனி விளக்கு. யூவிபி (புற ஊதாக் கதிரில் ஒரு வகை) டியூப் விளக்கு, நீளமானது, டி5 என்ற ஒல்லியான குழல் வகை, 5 அல்லது 6 சதவீத யூவிபி என்று குறித்தது. கூண்டின் கூரை வலைமேல் வைத்து, வெயில் காயும் கிளையை ஒரு சாண் கீழே கட்டுங்கள். அதே கிளைக்கு மேல் ஒரு சாதாரண வெப்ப பல்பு. ஆணுக்கு அங்கே 29 முதல் 32 டிகிரி, கூண்டின் கீழ்ப்பகுதி அறை வெப்பத்தில் இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் கும்மிருட்டு. யூவிபி இல்லாவிட்டால் உடம்பு டி3 வைட்டமின் செய்யாது, டி3 இல்லாமல் கால்சியம் எலும்பில் ஏறாது. நான் பார்த்த கோணல் கால் பச்சோந்திகளில் முக்கால்வாசி இந்த ஒரு விளக்கு இல்லாததால் வந்தவை.

மழைத்துளி: கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். தொடவே இல்லை. தாகமே எடுக்காதா?

எடுக்கும். ஆனால் தேங்கி நிற்கும் தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீர் இல்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். விளக்கு எரிவதற்குக் கொஞ்சம் முன்பும், மாலை விளக்கு அணைந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் நீர்த்தூவல் செய்யுங்கள். பகலில் ஒரு சொட்டுக்குழாயைச் செடியின் மேல் இருபது நிமிடம் விடுங்கள், கீழே பிடிக்க ஒரு தட்டு. அது குடிக்க ஆரம்பித்தால் அறையை விட்டு வெளியே போங்கள். சில பச்சோந்திகள் ஆள் பார்க்கும்போது குடிக்காது.

பயப்படுபவர்கள் செய்யும் தவறு, நாள் முழுக்கத் தூவிக்கொண்டே இருப்பது. சூடான, ஈரமான, காயாத கூண்டில்தான் நுரையீரல் நோய் வருகிறது. பகலில் 40, 50 சதவீத ஈரப்பதம் போதும், இரவில் குளிரக் குளிர ஏறட்டும். அதன் மலைச்சரிவுகளில் நடப்பதும் அதுதான்: இரவில் மூடுபனி, பகலில் ஈரம் காய்வது.

போதுமா என்று எச்சத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கூடவே வரும் கட்டி வெள்ளையாக இருந்தால் சரி. ஆரஞ்சாக மாறினால் தண்ணீர் குறைவு. கண் குழிவிழுந்தால் ரொம்பக் குறைவு.

ஆர்வக்கோளாறு: சிவப்புத் துணி மேல் விட்டால் சிவப்பாகுமா?

ஆகாது. துணிமேல் விட்ட கடுப்பில் கறுக்கும்.

இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீட்டுகிறேன். பின்னணிக்கு ஏற்ப நிறம் மாற்றுவது பச்சோந்தியின் வேலையே இல்லை. சும்மா இருக்கும்போதே அது இலைநிறம்தான், ஒளிந்துகொள்ள அதுவே போதும். நிறம் மாறுவது சூட்டுக்காக, மனநிலைக்காக, இன்னொரு பச்சோந்தியிடம் பேசுவதற்காக. காலையில் குளிர்ந்திருந்தால் கருமையாகி வெயிலை உறிஞ்சும், சூடு ஏறியதும் வெளுக்கும். 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து இதன் உள்வேலையைச் சொன்னார்கள். தோலுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கையில் படிகங்கள் நெருக்கமாக இருந்து நீல ஒளியைத் திருப்பும். மேலே மஞ்சள் நிறமி இருப்பதால் நமக்குப் பச்சையாகத் தெரியும். ஆண் உசுப்பேறினால் படிகங்களின் இடைவெளி கூடி, மஞ்சளும் சிவப்புமாகத் திருப்பும். சாயம் பூசிக்கொள்வதில்லை, ஒளியை மாற்றித் திருப்புகிறது.

வளர்ப்பவருக்கு இதனால் என்ன பயன் என்றால், அதன் நிறத்தைப் படித்தால் அதன் மனதைப் படிக்கலாம். உங்கள் பச்சோந்தியின் 'சும்மா' நிறம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சிக்கனம்: வீட்டு எல்இடி பல்பு போதாதா?

போதாது. அதில் யூவிபி இல்லை.

வெயில்பிரியன்: ஜன்னலோரம் கூண்டை வைத்தால் இயற்கை வெயில் கிடைக்குமே?

கண்ணாடி யூவிபியை நிறுத்திவிடும். சூடு மட்டும்தான் உள்ளே வரும். கம்பிவலைக் கூண்டோடு வெளியே வைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை, ஆனால் பாதிக் கூண்டு நிழலில் இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும்.

பூச்சிக்காரன்: சாப்பாடு?

கிரிக்கெட் பூச்சி, டுபியா கரப்பான், பட்டுப்புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தை விடப் பெரிய பூச்சி வேண்டாம். குட்டிக்குத் தினமும் வயிறு நிறைய, வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து. பூச்சிக்கு முந்தின நாளே நல்ல கீரையும் காய்கறியும் போடுங்கள், பட்டினிப் பூச்சியில் சத்து ஏது? டி3 கலக்காத கால்சியம் பொடியை ஏறக்குறைய ஒவ்வொரு வேளையும் லேசாகத் தூவுங்கள். டி3 உள்ளதும் மல்டிவைட்டமினும் மாதம் இருமுறை. மின்மினி மட்டும் கூடவே கூடாது, அதன் நஞ்சு பல்லி வகைகளைக் கொல்லும். மிஞ்சிய கிரிக்கெட்டை இரவில் கூண்டில் விட்டால் தூங்கும் பச்சோந்தியை அது கடிக்கும்.

கைக்குழந்தை: தினமும் எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தால் பழகும்?

தேவையென்றால் மட்டும் எடுங்கள். மேலிருந்து பிடிக்காதீர்கள், வாலைப் பிடித்து இழுக்காதீர்கள் (அறுந்தால் முளைக்காது). கையை அதன் முன்னால், நெஞ்சுக்குச் சற்றுக் கீழே கிளை மாதிரி நீட்டிக் காத்திருங்கள். ஏறினால் சரி, ஏறாவிட்டால் இன்று இல்லை. உடம்பைத் தட்டையாக்கிப் பக்கவாட்டைக் காட்டினாலோ, கறுத்தாலோ, வாயைப் பிளந்து சீறினாலோ கையை எடுத்துவிடுங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள், ஊர்வனவிடமிருந்து தொற்றும் சால்மொனெல்லா கிருமி விளையாட்டல்ல.

தோள்துணை: மன்னிக்கவும் அக்கா, நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள். என் ஏமன் பச்சோந்தி தினமும் என் தோளில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிறது. என்னை அதற்குப் பிடித்திருக்கிறது.

அசையாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. ஆபத்து என்று தோன்றினால் நாய் ஓடும், பச்சோந்தி உறையும். அதன் முதல் தற்காப்பே அசையாமல் இருப்பதுதான். தோள் அதற்கு அந்த அறையில் எட்டிய உயரமான இடம், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரமும் அதற்கு யூவிபி இல்லை, தண்ணீர் இல்லை, வெயில் கிளை இல்லை. ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பக்கம் உங்கள் கை, மறுபக்கம் செடியுள்ள கிளை. எதில் ஏறுகிறது என்று பாருங்கள்.

கரிச்சான்: நடுவில் வருகிறேன். சுத்தமாகத் தொடாமல் வளர்த்தால் மருத்துவரிடம் கொண்டுபோகும் நாளில் பயத்திலேயே செத்துவிடாதா? கொஞ்சம் பழக்குவது நல்லதில்லையா?

நல்லது. இதில் உங்களோடு சண்டை இல்லை. பழக்க வேண்டியது கையை, தூக்குவதை அல்ல. வாரம் இரண்டு முறை கையால் பட்டுப்புழு நீட்டுங்கள். கை என்றால் சாப்பாடு என்று அதற்குப் பதிந்தால், அவசரத்தில் கையில் ஏறச் சொல்வது சுலபம். கதவைத் திறந்து வைத்து, வெளியே ஒரு செடியை நிறுத்தி, தானாக வரவிடுங்கள். முடிவு அதனுடையதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தோள்துணை: சோதித்தேன். கிளைக்குப் போனது. ஆனாலும் கேட்கிறேன், தொடக்கூடாது, கொஞ்சக்கூடாது என்றால் எதற்கு வளர்ப்பது? மீன் வாங்கிவிடலாமே!

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. மீன்தொட்டி மாதிரிதான் நினைத்துக்கொள்ளுங்கள், நான் கிண்டலாகச் சொல்லவில்லை. பார்ப்பதற்கு அதில் எவ்வளவு இருக்கிறது! ஒரு கண் உங்களைப் பார்க்கும், இன்னொன்று முதுகுப்பக்கம் பூச்சி தேடும். பூச்சி கண்ணில் பட்டதும் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பும், அப்புறம் நாக்கு. உடம்பை விட நீளமாகப் பாயும் அந்த நாக்கு, வில்நாண் மாதிரி முன்கூட்டியே இழுத்து வைத்த விசையில் போவது. அதனால்தான் தசையெல்லாம் மந்தமாகிவிடும் குளிர்காலையிலும் அது கிட்டத்தட்ட அதே வேகத்தில் பாய்கிறது. கொஞ்சுவதற்கு உயிர் வேண்டுமென்றால் பூனை இருக்கிறது. குறை சொல்லவில்லை, பொருத்தம் பார்க்கச் சொல்கிறேன்.

கைக்குழந்தை: அப்படியானால் ஐந்து நிமிடம்?

மேலே சொன்னதுதான்.

பயந்தவள்: என் பெண் ஏமன் பச்சோந்திக்கு ஆணே கிடையாது. வயிறு புடைத்து, கூண்டின் தரையில் அலைகிறது. சாப்பாடும் குறைந்துவிட்டது. நோயா?

அனேகமாக முட்டை. ஆண் இல்லாமலே பெண் முட்டையிடும், குஞ்சு வராது. இன்றைக்கே ஒரு பெரிய வாளியில் மண்ணும் கழுவிய மணலும் கலந்து ஓரடி ஆழத்துக்கு நிரப்புங்கள். சுரங்கம் தோண்டினால் இடியாத அளவு ஈரம் வேண்டும், சொதசொதப்பு வேண்டாம். கூண்டுக்குள் வைத்துவிட்டு முன்பக்கத்தைத் துணியால் மறையுங்கள். தோண்டும்போது ஆளைப் பார்த்தால் விட்டுவிடும், திரும்பத் தோண்டாமல் முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கு ஆபத்து. இட்டு முடித்து, குழியை மூடிவிட்டு அது தானாக மேலே ஏறும், அதுவரை தொந்தரவு செய்யாதீர்கள். தோண்டவே மாட்டேன் என்கிறது, சோர்ந்து கண்ணை மூடுகிறது என்றால் வாளியை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இனிமேல் அதன் வெயில் கிளையை 27 டிகிரி அளவில் வையுங்கள், தீனியையும் குறையுங்கள். அதிகச் சூடும் அதிகத் தீனியும் சேர்ந்தால் ஒரே ஈட்டில் ஐம்பது அறுபது முட்டைகூட வரும், பெண்ணின் ஆயுளை அது தின்றுவிடும். பெண் வைத்திருக்கும் எல்லோரும் முட்டை வாளியை இப்போதே தயார் செய்யுங்கள்.

ஜோடிப்புறா: தனியாக இருந்தால் வாடிவிடாதா? இரண்டு வைக்கலாமா?

கூடாது. ஒன்றையொன்று பார்ப்பதே தண்டனை. கண்ணாடியும் எதிரே வேண்டாம்.

ராக்கோழி: இரவில் பயப்படாமல் இருக்கச் சிவப்பு பல்பு போடலாமா?

இருட்டுதான் அதற்குத் தூக்கம். சிவப்பு வெளிச்சமும் வெளிச்சம்தான். வளர்ந்த ஏமன் பச்சோந்திக்கு இரவில் 18 டிகிரி வரை இறங்கினாலும் நல்லதே.

பரபரப்பு: எனக்கு எந்த பல்பு வாங்குவதென்று குழப்பம்.

'புதுக்கூண்டு'க்கு எழுதியதன் கடைசிப் பத்தி. அதைப் படித்த பிறகும் குழப்பம் இருந்தால் கேளுங்கள். இன்னொன்று, டியூப் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் யூவிபி குறைந்துகொண்டே போகும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

தோல்வியாதி: உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு, தோல் உரிகிறது. பிய்த்து விடட்டுமா?

வேண்டாம். அதுவே தேய்த்துக்கொள்ளும். தூவலைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

மரமேறி: தோட்டத்தில் ஒரு பச்சோந்தி வந்தது. பிடித்து வளர்க்கலாமா?

அங்கேயே இருக்கட்டும். காட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பது பல நாடுகளில் குற்றம். சட்டத்தை விடுங்கள், அது கூண்டில் தேறாது. வளர்த்தது அலுத்துப்போய் வெளியே விடுவதும் அப்படித்தான். 1970களில் ஹவாயில் விடப்பட்ட ஜாக்சன் பச்சோந்திகள் அங்கே பெருகி, அந்தத் தீவுகளின் பூச்சிகளையும் நத்தைகளையும் தின்றுகொண்டிருக்கின்றன.

பச்சைக்கிளை: இகுவானாவுக்கும் இதே முறைதானா?

இல்லை. அது இலை தின்னி, சாப்பாடே வேறு. இகுவானா வளர்ப்பவரிடம் கேளுங்கள்.

புதுக்கூண்டு: அக்கா, கூண்டு தயார், செடி வைத்தாயிற்று, விளக்கும் போட்டாயிற்று. நாளைக்கே கொண்டுவரலாமா?

ஒரு வாரம் காலிக் கூண்டையே ஓடவிடுங்கள். வெப்பமானியை வெயில் கிளையில் கட்டி, காலை, மதியம், இரவு அளவு குறித்துக்கொள்ளுங்கள். தூவிய ஈரம் அடுத்த தூவலுக்குள் காய்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கொண்டுவாருங்கள். வந்த முதல் வாரம் தண்ணீர், பூச்சி தவிர அதன் பக்கம் போக வேண்டாம். பத்து நாளுக்குள் எச்சத்தை மருத்துவரிடம் கொடுத்து ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். டியூப் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.