வண்டி நின்னா திட்டம் தோத்துடுச்சா?

கேள்வி: அமெரிக்காவுல மனநலம் சரியில்லாதவங்க பிரச்சினைக்கு போலீசுக்குப் பதிலா வேன் அனுப்புறாங்கன்னு ஆஹா ஓஹோன்னு எழுதுனீங்களே, யூஜீன் ஊர்ல 2025ல அதை இழுத்து மூடிட்டாங்க, பாத்தீங்களா? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: பாத்தேன். நீங்க தலைப்போட நிறுத்திட்டீங்கன்னு தோணுது. ஓரிகன் மாநிலத்துல இருக்குற அந்த ஊர்ல கஹூட்ஸ்ங்கிற வேன் 1989லேருந்து ஓடுச்சு, மருத்துவ உதவி தெரிஞ்ச ஒருத்தர், பதறிப்போனவங்ககிட்ட பேசிப் பழகுன ஒருத்தர், இடுப்புல துப்பாக்கி கிடையாது, அவ்வளவுதான். நடத்துன கிளினிக்குக்கு பண நெருக்கடி, நகராட்சி ஒப்பந்தமும் முடிஞ்சுது, வண்டி நின்னுடுச்சு. டிப்போவுல டீசலுக்குக் காசில்லன்னு டவுன் பஸ்ஸ நிறுத்துனா ஊருக்கு பஸ்ஸே தேவையில்லன்னு சொல்லுவீங்களா?

நீங்க நிஜமா பிடிச்சிருக்க வேண்டிய இடம் வேற. ஊருக்கு வர்ற அவசர அழைப்புல 17 சதவீதத்த நாங்க பாத்துக்கறோம்னு வேன்காரங்க சொன்னாங்க, பத்திரிகைங்க (நாங்களும் சேத்துதான்) அத அப்படியே போட்டோம். அந்த ஊர் போலீஸ் உக்காந்து கணக்குப் போட்டு, எங்க தலையிலேருந்து இறங்குனது 5லேருந்து 8 சதவீதம்தான்னாங்க, ஏன்னா வீடில்லாதவங்கள ஷெல்டருக்கு (தங்குற விடுதிக்கு) கொண்டுபோய் விடுறது மாதிரி வேலைக்கெல்லாம் போலீஸ் முன்னாடியும் போனதில்ல. நியாயம்தான். ஆனா போலீசுக்கு எவ்வளவு வேலை மிச்சம்னு மட்டுமே அளந்தா, குளிர்ல கிடந்து ஷெல்டருக்குப் போன அந்த ஆளு கணக்குலயே வரமாட்டாரே.

அமெரிக்காவுலயே இன்னொரு ஊரு டென்வர், அங்க கணக்கு கொஞ்சம் சுத்தம். 2020 ஜூன்ல ஸ்டார்னு இதே மாதிரி ஒரு வேன் ஆரம்பிச்சு முதல் ஆறு மாசத்துல 748 அழைப்பு, ஒரு அரெஸ்ட் கூட இல்ல. வேன் போன ஏரியாவுல சில்லறைக் குற்றப் புகார் 34 சதவீதம் குறைஞ்சுது, வன்முறைக் குற்றம் கூடலன்னு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க 2022ல எழுதுனாங்க. போலீஸ் போகலன்னா கேஸ் எழுத ஆளில்ல, குறையத்தானே செய்யும்னு அடுத்து கேப்பீங்க. வேன் ஓடாத, போலீசே போன நேரத்துலயும் குறைஞ்சிருக்கு சார். ஆனா ஒண்ணு, அப்ப அந்த வேன் ஓடுனது திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும், காலைல 10லேருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும், கிட்டத்தட்ட பேங்க் நேரம். மனசு உடைஞ்சுபோறவங்க என்ன டோக்கன் வாங்கிட்டா உடைஞ்சுபோறாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு யாரை அனுப்புனீங்கன்னு கேளுங்க. அடிக்கறதுன்னா அங்க அடிங்க, யூஜீன விட்ருங்க.