ஒரே முகமா, ஆளுக்கொரு முகமா?

கைவேலைக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெடி பியர் பற்றியவை. எல்லாம் செட்டிநாட்டுப் பக்கத்துக் கடிதங்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அதனால் கூடை பின்னுவது, பாசிமணி கோப்பது பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, கரடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*ஆச்சி, நான் வீட்டிலேயே டெடி பியர் தைக்கிறேன். ஒன்று ஃபர் துணியில், அடுத்தது பழைய ஜீன்ஸில், அதற்கடுத்தது கண்டாங்கிச் சேலைத் துண்டில் என்று கையில் கிடைப்பதையெல்லாம் வைத்துச் செய்து பார்ப்பேன். காரைக்குடியில் ஒரு பரிசுப் பொருள் கடைக்குக் கொண்டுபோனேன். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு பேர் செஞ்ச மாதிரி இருக்கு. உங்களுக்குன்னு ஒரு ஸ்டைலை முடிவு பண்ணிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்கள். புதிதாகச் செய்து பார்ப்பதை நிறுத்தத்தான் வேண்டுமா? நான்கு கரடிகளின் படத்தை வைத்திருக்கிறேன்.*
— வாசகி, பள்ளத்தூர்

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. படத்தை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். கடைக்காரர் துணியைப் பார்த்திருக்கிறார், கரடியைப் பார்க்கவில்லை.

நான்கிலும் காது தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்கு நேர்கோட்டில். கடையில் விற்கும் கரடிகளுக்கு இவ்வளவு கீழே காது வராது. நான்கும் தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்திருக்கின்றன. வாய்த் தையல் சின்னதாக, மூக்கை ஒட்டியே நிற்கிறது. யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற பிள்ளையின் முகம் நான்குக்கும் இருக்கிறது. இதை நீங்கள் திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டீர்கள். சாய்வு, கழுத்தைச் சுற்றித் தைக்கும்போது உங்கள் கை நூலை ஒரு பக்கமாக இழுப்பதால் வந்திருக்கும். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, இனி அதை வேண்டுமென்றே செய்யுங்கள். ஸ்டைலை முடிவு பண்ணிவிட்டு வா என்று யார் சொன்னாலும் அது நடக்காது. பல கரடி தைத்தபின் எல்லாவற்றையும் முகப்புத் திண்ணையில் வரிசையாக வைத்து, தெருவில் இறங்கி நின்று பார்த்தால்தான் கண்ணுக்குத் தட்டுப்படும்.

திரும்பத் திரும்ப வருவதெல்லாம் ஸ்டைல் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபர் கரடியிலும் ஜீன்ஸ் கரடியிலும் தாடைக்குக் கீழே துணி சுருங்கியிருக்கிறது. அது குறை, திருத்த வேண்டியது. தலையின் இரண்டு பக்கத் துண்டுகளுக்கு நடுவே நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒரு நீளப்பட்டை வருகிறதல்லவா, அதைப் பொருத்தும்போது மூக்கு நுனியில் முதலில் குண்டூசி குத்திவிட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் பின்னோக்கிப் போங்கள். கழுத்திலிருந்து தொடங்கினால் மிஞ்சும் துணியெல்லாம் முகத்தில் வந்து சேரும். ஃபர் என்றால் தைக்கும் முன்பே ரோமத்தை உள்பக்கம் தள்ளிவிடுங்கள். தைத்து முடித்ததும் தையலில் சிக்கிய ரோமத்தை ஊசி முனையால் வெளியே எடுத்துவிடுங்கள். தையல் போன தடமே தெரியாது.

இனி பரிசோதனைக்கு வருவோம். ஒரே நேரத்தில் துணி, உயரம், கண், கை நீளம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறீர்கள். கரடி நன்றாக வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது, கெட்டாலும் தெரியாது. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் போடும் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிடுவார்கள். அச்சு அதேதான். அது நிலையாக இருப்பதால்தான் வண்ணத்தில் அவ்வளவு விளையாட முடிகிறது. உங்களுக்கு அச்சு, தலையின் பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் அளவுத் தாள். இன்னும் கொஞ்ச காலத்துக்கு அதைத் தொடாதீர்கள். துணியை மாற்றுங்கள். பிறகு துணியை நிறுத்திவிட்டுக் கண்ணை மட்டும் மாற்றுங்கள்.

கண்ணுக்கு ஒரு வழி சொல்கிறேன். பொருத்தும் முன், கறுப்புத் தலை வைத்த குண்டூசி இரண்டை எடுத்துப் பஞ்சடைத்த தலையில் குத்துங்கள். நடுப்பட்டையின் தையல் மேலேயே குத்தினால் ஒரு முகம். அதற்கு வெளியே, கொஞ்சம் கீழே இறக்கிக் குத்தினால் குட்டிக்கரடி. மேலே ஏற்றி நெருக்கிக் குத்தினால் வயசாளி. ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது தெரியாத கோணல் படத்தில் தெரிந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். கரடிக்கு ஒரு பக்கம், துணியில் ஒரு துண்டு குத்தி, இந்த முறை மாற்றியது என்ன என்று ஒரு வரி. அது போதும்.

கடைக்கு அதே பேட்டர்னில், இரண்டே துணியில் செய்து கொடுங்கள். மற்றதெல்லாம் உங்களுக்கு. அவர் அலமாரிக்கு ஒழுங்கு வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் உங்கள் தையல் மேசைக்கு அந்தச் சட்டம் இல்லை.

*எனக்கு நேர்மாறான சங்கடம் ஆச்சி. கண்டாங்கிச் சேலைத் துணியில் கரடி செய்து நல்ல பெயர் வாங்கிவிட்டேன். கல்யாண வீடுகளில் பையில் போட்டுக் கொடுக்கக் கேட்கிறார்கள். இப்போது வேறு எதைச் செய்தாலும் “கண்டாங்கிக் கரடிதானே நீங்க?” என்கிறார்கள். அதையே செய்து செய்து அலுத்துவிட்டது.*
— வாசகி, தேவகோட்டை

அம்மா, கொஞ்சம் கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். கண்டாங்கி உங்கள் ஸ்டைல் இல்லை. அரக்கும் மஞ்சளும் கறுப்புமாக அந்தக் கட்டங்களை நெய்தது நெசவாளர் கை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமை தறிக்காரர்களுடையது. நாளைக்கு இன்னொருவர் அதே சேலையை வெட்டிக் கரடி தைத்தால், உங்கள் கரடியை எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்? முகத்தை வைத்துத்தான்.

ஆர்டருக்கு வரும் கரடியை விடாதீர்கள், அது குடும்பத்துக்கு வருமானம். ஆனால் அதற்குள்ளேயே வேலை இருக்கிறது. நெற்றிப் பட்டையை ஒரு நூல் குறுக்கினால் முகம் நீண்டு பெரிய மனுஷத் தோரணை வரும், அகட்டினால் கன்னம் உப்பும். இன்றைக்குக் கையும் காலும் உடம்போடு சேர்த்துத் தைத்ததுதானே? டிஸ்க், வாஷர், போல்ட், நட் வைத்து மூட்டுப் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்தபடியே கை தூக்கும், தலை திரும்பும். அதற்குப் பிறகு அலுப்பு இருக்கிறதா என்று எழுதுங்கள்.

கைத்தறித் துணிக்கு ஓரம் பிரியும். தையலுக்குக் கால் அங்குலம் போதாது, கொஞ்சம் கூட விடுங்கள். பின்பக்கம் மெல்லிய கேன்வாஸ் ஒட்டிக்கொண்டால் பஞ்சு இறுக்கி அடைக்கும்போது நெசவு விலகாது. உடுத்திய சேலை என்றால் இது கட்டாயம். கட்டங்கள் வயிற்றின் நடுத் தையலில் நேராகச் சந்திக்கும்படி வெட்டுங்கள். பத்தில் எட்டுப் பேர் கவனிக்க மாட்டார்கள், மற்ற இரண்டு பேர் உங்களை விட்டுப் போக மாட்டார்கள்.

பிறகு மெதுவாக, கண்டாங்கியை உடம்பிலிருந்து பாதத்துக்கு இறக்குங்கள். உடம்பு வேறு துணி, உள்ளங்கால் மட்டும் கண்டாங்கி. வாடிக்கையாளருக்குப் பழைய பிடிமானமும் இருக்கும், உங்களுக்குக் கையும் விடுபடும்.

*ஆச்சி, நம்ம ஊரில் மரப்பாச்சி இருக்கிறது. ஓலையில் பின்னும் கொட்டான் இருக்கிறது. வெளிநாட்டுக் கரடியில் போய் ‘என் ஸ்டைல்’ என்று தேடுவது சரியா? அக்காவுக்காகக் கேட்கிறேன், அவள்தான் தைக்கிறாள்.*
— வாசகர், கொத்தமங்கலம்

நல்ல கேள்வி தம்பி. அக்காவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனார். கூட இருந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்துக் கட்டிவைத்துச் சுடச் சொன்னபோது மறுத்துவிட்டார். கிளிஃபோர்ட் பெரிமேன் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையில் அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைப் பார்த்து, புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மிக்டம் தம்பதி துணிக்கரடி தைத்துக் கடையில் வைத்தார்கள். ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயர் டெடி, அதுவே கரடிக்கும் பெயராயிற்று. அதே காலத்தில் ஜெர்மனியில், மார்கரெட் ஸ்டைஃப் அம்மாள் தொடங்கிய பட்டறையில் அவர் தம்பி மகன் ரிச்சர்ட், கை கால் அசையும் கரடியை உருவாக்கினார். 1903-இல் லைப்சிக் சந்தையில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். அந்த அம்மாள் சிறுவயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் இருந்தவர். அவருடைய வலக்கைக்கும் வலு குறைவு. அந்தக் கையோடு தையல் கற்று, 1880-இல், நெய்யாமல் அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியில் யானை உருவத்தில் ஊசி குத்தும் மெத்தை தைத்து ஆரம்பித்தவர். அவர் பெயரை நான் மரியாதையோடுதான் சொல்வேன்.

இரண்டு ஊரில், ஒருவரையொருவர் அறியாமல் செய்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. அக்கா செய்வது மூன்றாவது மாதிரியாக இருக்கட்டுமே.

கரடி வெளிநாட்டு மிருகமும் இல்லை. தமிழ்நாட்டு மலைக்காடுகளில் இருக்கும் நம் கரடியை வைத்து ஒன்று தைக்கச் சொல்லுங்கள். கறுத்த சடை, தோளைச் சுற்றி இன்னும் அடர்த்தி. மூக்குப் பகுதி வெளிறி நீண்டிருக்கும். நெஞ்சில் வெள்ளைப் பிறை. நீண்ட வளைந்த நகம். குட்டியைத் தாய் முதுகில் சுமந்துகொண்டு போகும். உடம்புக்கு நீள ரோமத் துணி, மூக்குக்கு முடி குட்டையான வெளிர் துணி, பிறைக்கு வெள்ளை ஃபெல்ட். முதுகில் ஒரு குட்டியைத் தைத்துவிட்டால், கடையில் இருக்கும் எந்தக் கரடியோடும் குழப்பிக்கொள்ள முடியாது. நீள ரோமத்தைக் கத்தரிக்கும்போது மட்டும் ஒன்று: துணியின் முதுகில் கத்தரி நுனியை மட்டும் நுழைத்துச் சிறுசிறு வெட்டாக வெட்ட வேண்டும். முழுக் கத்தரியையும் போட்டால் ரோமம் மொட்டையாகிவிடும்.

*இலவம்பஞ்சா, ஃபைபரா?*
— வாசகி, காரைக்குடி

துவைக்க வேண்டிய கரடிக்கு ஃபைபர். இலவம்பஞ்சு கனமே இல்லாமல் இருக்கும், ஆனால் துவைத்தால் கட்டி தட்டும், நாள்பட்டால் பொடியும். அலமாரியில் உட்காரப் போகும் கரடிக்குத் தாராளமாகப் போடலாம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இலவம்பஞ்சு அடைத்த கரடிகள்தான் நிறைய. எதைப் போட்டாலும் மூக்கு நுனியில் கல் மாதிரி இறுக்குங்கள், இல்லாவிட்டால் மூக்குத் தையல் உள்ளே அமுங்கிவிடும்.

*வீடியோ பார்த்து, அவர்கள் கொடுத்த பேட்டர்னில்தான் செய்கிறேன். இதை என் கரடி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது ஆச்சி.*
— வாசகி, கானாடுகாத்தான்

கற்றுக்கொள்ளும்போது கூச்சமே வேண்டாம். அடுத்தவர் பேட்டர்னில் தைக்காமல் யாருக்கும் கை படியாது. விற்பதாக இருந்தால் மட்டும், வரைந்தவர் அதற்கு அனுமதி தருகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் தருவார்கள், சிலர் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பார்கள்.

அதிலிருந்து வெளியே வர, தலையிலிருந்து தொடங்குங்கள். காக்கித் தாளில் கரடி முகத்தைப் பக்கவாட்டில் நீங்களே வரையுங்கள். மூக்கு எவ்வளவு நீளம், நெற்றி எங்கே சரிகிறது, தாடை எங்கே முடிகிறது என்று உங்கள் மனசுக்குப் பட்டபடி. ஃபர் துணியை வீணாக்காமல் முதலில் காடாத்துணியில் தைத்துப் பஞ்சடைத்துப் பாருங்கள். பென்சிலால் அதன் மேலேயே திருத்தம் போட்டு, பிரித்து, தாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் மூக்கு. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒரு கரடியின் துணியையெல்லாம் மறைத்து மூக்கை மட்டும் காட்டினாலும், பழகிய கை யாருடையது என்று சொல்லிவிட முடியும். தடித்த எம்ப்ராய்டரி நூலை எடுத்து, மூக்கு வரும் இடத்து ரோமத்தை ஒட்டக் கத்தரித்துவிட்டு, நட்டநடுவில் முதல் தையல். அங்கிருந்து ஒரு பக்கத்தை முடித்து, மறுபடி நடுவுக்கு வந்து அடுத்த பக்கம். ஓரத்திலிருந்து தொடங்கினால் இரண்டு பக்கமும் சமமாக வராது. இரண்டு கடைசித் தையலை மட்டும் கொஞ்சம் நீட்டிவிடுவதா, முக்கோணமாகக் கூட்டுவதா, அகலமாகப் படுக்கையில் போடுவதா? பழைய துணியில் பல மூக்குத் தைத்துப் பாருங்கள். எது உங்கள் கைக்குத் தானாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளத்துக்கு ஏதாவது வைக்க ஆசைப்பட்டால் காதில் பொத்தான் வேண்டாம். 1904 முதல் அது ஸ்டைஃப் நிறுவனத்தின் அடையாளம். உள்ளங்காலில் உங்கள் முதலெழுத்தைத் தைத்துக்கொள்ளுங்கள்.

*ஒன்பது வயது மகள் கரடி தைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். எந்த மாதிரியில் ஆரம்பிப்பது?*
— வாசகி, புதுவயல்

முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டே துண்டு. ஃபெல்ட் துணி, பிரியாது. கண்ணை அவள் எங்கே வைக்கச் சொல்கிறாளோ அங்கே வையுங்கள். நெற்றியில் வைத்தாலும் சரி, திருத்தாதீர்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் பொத்தானோ மணியோ வேண்டாம், கண்ணையும் நூலால் தைத்துவிடுங்கள். தொடங்கும் முன் குண்டூசிகளை எண்ணிக் கொடுத்து, கடைசித் தையல் போடும் முன் அவளையே திருப்பி எண்ணச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தாலும் பஞ்சை வெளியே எடுத்துத் தேடிவிட வேண்டும்.