விரதம் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை

கேள்வி: பாலுறவு பற்றி மதம் சொல்லும் ஒழுக்கம் உங்கள் உறவுகளையும் முடிவுகளையும் எப்படிப் பாதித்திருக்கிறது?

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். கணவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர், சைவக் குடும்பம். இரண்டு மதத்தின் சட்டதிட்டங்களும் எங்கள் படுக்கையறை வரை வந்து போயிருக்கின்றன. பெயர் போடாமல் எழுதுவதால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஞானஸ்நானம் பெறாதவரை மாதா கோவில் முறைப்படி மணக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும். அவர் எந்த வாக்கும் தர வேண்டாம், இப்படி ஒன்று இருப்பது தெரிந்தால் போதும். அப்புறம் திருமணத் தயாரிப்பு வகுப்பு. மாத்திரை, ஆணுறை எதுவும் கூடாது, கரு தங்காத நாட்களைக் கணக்கிட்டு இருங்கள் என்றார்கள். 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடலிலிருந்து வருகிற போதனை இது. கேலி செய்கிறவர்கள் நிறைய. எனக்கென்னவோ அதில் ஒரு லாபம் கிடைத்தது. அந்தக் கணக்குக்கு மனைவியின் உடம்பில் இன்று என்ன நடக்கிறது என்று கணவனுக்குத் தெரிந்தாக வேண்டும். தூரம் (மாதவிலக்கு) என்ற சொல்லையே ஆண்கள் காதில் விழாமல் பேசும் வீட்டில் வளர்ந்தவர் என் கணவர். அவர் வாயைத் திறந்து கேட்கக் கற்றுக்கொண்டது அந்த வகுப்புக்குப் பிறகுதான்.

மாமியார் வீட்டு விதிகள் வேறு. கல்யாணமான வருஷம் ஆடி பிறந்ததும் என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம், அதாவது 41 நாள், பிரம்மச்சரியம். அந்த நாட்களில் நானும் அவரை 'சாமி' என்றுதான் கூப்பிடுவேன். (சண்டை போடுவதுதான் கஷ்டம். 'சாமி, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதீங்க' என்று எவ்வளவு கோபமாகச் சொல்ல முடியும்?)

ஆரம்பத்தில் இதெல்லாம் தேவையில்லாத தலையீடு என்றே நினைத்தேன். சொந்தத்தில் ஒரு அக்காவைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. கணவர் குடிப்பவர். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பிரதோஷம் என்று அக்காவின் விரதப் பட்டியல் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போனது. எல்லாரும் பக்தி என்றார்கள். 'இஷ்டமில்லை' என்றால் அந்த வீட்டில் அடி விழும், 'நாளைக்கு சஷ்டி' என்றால் விழாது. சட்டமும் அந்த அக்காவுக்குப் பெரிய துணை இல்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வற்புறுத்தினால் அது வல்லுறவுக் குற்றம் ஆகாது என்ற விலக்கு அப்படியே இருக்கிறது.

சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மாமியார் நாயன்மார்களில் ஒருவரான திருநீலகண்டர் கதையைச் சொல்வார். வேறொருத்தியிடம் போய்விட்டு வந்த கணவனிடம், சிவனின் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, எங்களைத் தொடாதே என்கிறாள் மனைவி. 'எங்களை' என்று பன்மையில் சொன்னதால் அவரும் எந்தப் பெண்ணையும் தொடாமல், ஊருக்கும் தெரியாமல், அதே வீட்டில் கிழவராகிறார். அவருடைய உறுதியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அந்த அம்மாதான் கண்ணில் படுகிறார். தெய்வத்தின் பெயரைச் சேர்த்ததால்தானே அவர் 'வேண்டாம்' என்றது செல்லுபடியானது?

எங்கள் பக்கம் இவ்வளவு விரத நாட்கள் கிடையாது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் மறுக்க வேண்டாம், ஜெபத்துக்காக இருவரும் சம்மதித்துச் சில காலம் விலகலாம் என்கிறார் பைபிளில் புனித பவுல். மனைவியின் உடல்மேல் கணவனுக்கு இருக்கும் அதே உரிமை கணவனின் உடல்மேல் மனைவிக்கும் உண்டு என்று அங்கேயே எழுதியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன் பெரியம்மாக்கள் எனக்குச் சொன்ன புத்திமதியில் முதல் பாதி மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது பிரசவத்தோடு கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாமா என்று டாக்டர் கேட்டபோது அம்மா, "பாவம்டி, கடவுள் குடுக்குறதை நாம தடுக்கக் கூடாது" என்றார். மாமியார் உடனே பண்ணிக்கச் சொன்னார். கணவர், "நான் பண்ணிக்கிறேனே, ஆம்பளைக்கு அது சின்ன ஆபரேஷன்தான்" என்றதும் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். உழைக்கிற உடம்பாம். அந்த நிமிஷம் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. கடைசியில் நானும் அவரும் தனியாகப் பேசி காப்பர் டி போட்டுக்கொண்டேன்.

சபை அதையும் ஏற்காது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குவதை நிறுத்தவில்லை. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, இதைச் சொன்னதும் இல்லை. பாவம் என்று நான் நினைக்காததை அங்கே போய் எப்படிச் சொல்வது?